சிறைக்குப் போய் வந்தவரிடம் பவுண் காசு விற்கலாமா?

இம்முறை இந்தப் பக்கத்தை ஒரே ஒரு கடிதம் எடுத்துக்கொள்கிறது. அமெரிக்காவில் குடியிருக்கும் நம் சகோதரி ஒருவர் எழுதியது. பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். ஆறு பக்கக் கடிதத்தின் சாரம் இதுதான்.

அவரிடம் பதினொரு தங்கக் காசுகள் இருக்கின்றன. எட்டு ஆங்கிலப் பவுண். கல்யாணத்தின்போது உம்மா கொடுத்தவை. மூன்று அமெரிக்க இருபது டொலர்த் தங்கக் காசுகள். கணவர் உழைத்த காலத்தில் ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்தவை. கணவர் இப்போது இல்லை. மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. கட்டணம் கட்டக் காசுகளை விற்க வேண்டும். அவர் இருக்கும் சிற்றூரில் பழங்காசு வாங்கி விற்கும் கடை ஒன்றுதான் உண்டு. கடைக்காரர் மரியாதையானவர். ஆனால் பல வருடங்களுக்கு முன் மோசடிக் குற்றத்துக்காகச் சிறைக்குப் போய் வந்தவர் என்று அக்கம்பக்கத்தில் சொல்கிறார்கள்.

சகோதரி கேட்பது: "தண்டனையை அனுபவித்துவிட்டு வந்த மனிதனை நாமும் ஒதுக்கினால் அவர் எப்படிப் பிழைப்பது? அப்படி ஒதுக்குவது எனக்குப் பாவமாகப் படுகிறது. அதேநேரம் ஏமாந்துவிட்டால் என் மகளின் படிப்பு என்னாவது?"

நல்ல கேள்வி. இந்தக் கேள்விக்கு 'போகலாம்' என்றோ 'போகக் கூடாது' என்றோ ஒரு சொல்லில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் அந்தப் பதிலால் அவருக்கு எந்தப் பிரயோசனமும் இராது. பழங்காசு வியாபாரம் எப்படிப்பட்டது என்று தெரிந்தால்தான் எதற்குப் பயப்பட வேண்டும், எதற்குப் பயப்படத் தேவையில்லை என்பது விளங்கும்.

அரிசி, சீனி வாங்கும்போது தராசு நம் கண் முன்னே இருக்கிறது. நகை விற்கும்போதும் எடையும் மாற்றும் தெரிந்தால் பாதிக் கணக்கு நம் கையில். பழங்காசு அப்படியல்ல. அதற்கு இரண்டு விலை உண்டு. ஒன்று அதிலுள்ள தங்கத்தின் விலை. மற்றது சேகரிப்பவர்கள் அந்தக் காசுக்குக் கொடுக்கும் விலை. ஆங்கிலப் பவுண் ஒன்று 7.98 கிராம் எடை, 22 கரட். சுத்தத் தங்கம் 7.32 கிராம். அமெரிக்க இருபது டொலர்க் காசு 33.4 கிராம் எடை. அதில் பத்தில் ஒன்பது பங்கு தங்கம், அதாவது 30 கிராமுக்குச் சற்று மேல். இதுவரைக்கும் வீட்டிலேயே கணக்குப் பார்த்துவிடலாம். தங்கத்தின் அன்றைய கிராம் விலையால் பெருக்கினால் போதும்.

சிக்கல் இரண்டாவது விலையில். காசு அச்சான வருடம், அச்சடித்த சாலையின் அடையாள எழுத்து, தேய்மானம், கீறல், மினுக்கம் எல்லாம் பார்த்து 1 முதல் 70 வரை புள்ளி போடுகிறார்கள். இந்த அளவுகோலை 1949இல் ஷெல்டன் என்ற அமெரிக்கர் வகுத்தார். ஒரே வருடத்துக் காசுகள் இரண்டு நம் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் ஒரு புள்ளி வித்தியாசத்தில் விலை இரண்டு மடங்கு, சிலவேளை பத்து மடங்கு ஏறிவிடும். பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்துக்கொண்டு மேசைக்கு அப்பால் இருப்பவர் "இது சாதாரணம் தங்கச்சி, தங்க விலைதான் கிடைக்கும்" என்று சொன்னால், அது உண்மையா பொய்யா என்று அறிய மேசைக்கு இப்பால் இருப்பவருக்கு வழியில்லை. இந்த வியாபாரத்தில் ஏமாற்றுவதற்குக் கள்ளக் காசு அடிக்கத் தேவையில்லை. வாய் ஒன்றே போதும். அதனால்தான் இங்கே ஆளின் நாணயம் காசின் நாணயத்தைவிடப் பெரிதாகிவிடுகிறது.

சரி, சிறைக்குப் போய் வந்தவர்களால்தான் ஆபத்தா? அமெரிக்காவில் பகிரங்கமாக வழக்காடப்பட்ட சில சம்பவங்களைச் சொல்கிறேன்.

ஒஹாயோ மாநிலத்தில் வேலைத்தலத்தில் காயப்பட்ட தொழிலாளருக்கும், உயிரிழந்தவர்களின் விதவைகளுக்கும் நட்டஈடு கொடுக்க ஓர் அரசு அலுவலகம் உண்டு. அந்த அலுவலகம் 1998இலிருந்து தன் நிதியில் 5 கோடி டொலரை அபூர்வ காசுகளில் முதலிட்டது. முதலீட்டை நடத்தியவர் டொலிடோ நகருக்கு அருகில் பழங்காசுக் கடை வைத்திருந்த தொம் நோ. விதவைகளின் பணத்தைக் கொண்டு பழங்காசு வாங்குவதா என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. அங்கே அப்போது யாரும் உரத்துக் கேட்கவில்லை. காரணம், நோவின் மேல் ஒரு கரும்புள்ளிகூட இருக்கவில்லை. அரசியல் கட்சிக்கு நிதி திரட்டிக் கொடுப்பவர், உயர்கல்விச் சபையில் அங்கத்தவர். நாட்டின் புதுக் காசுகளுக்கு எந்தச் சித்திரம் போடலாம் என்று அரசுக்கு ஆலோசனை சொல்லும் குழுவுக்கே அவர் தலைவராக இருந்தார். அந்த வருடங்களில் ஒருவர் போய் "இவருக்குக் குற்றப் பதிவு உண்டா?" என்று தேடியிருந்தால், பதிவு இல்லை, நற்சான்றுகள்தான் கிடைத்திருக்கும்.

2005 ஏப்ரலில் டொலிடோ 'பிளேட்' பத்திரிகை இந்த முதலீட்டைப் பற்றி எழுதத் தொடங்கியது. நூல் பிடித்துக்கொண்டு போகப் போக, தபாலில் காணாமற்போன விலையுயர்ந்த காசுகள், கொலராடோ மாநிலத்தில் கணக்கில் வராத நூற்றுக்கு மேற்பட்ட காசுகள் என்று ஒவ்வொன்றாக வெளிவந்தன. முன்பே குற்றத்தீர்ப்புப் பெற்றிருந்த ஒரு காசு வியாபாரியுடனும் அந்த நிதி கொடுக்கல் வாங்கல் செய்து நட்டப்பட்டிருந்தது. பணத்தைக் கொடுத்த அலுவலகத்துக்கோ தன் பணம் யார் யாருடைய கைக்குப் போகிறது என்பதே தெரியவில்லை. 2006 நவம்பரில் நீதிமன்று நோவைக் களவு, பணத்தின் மூலத்தை மறைத்தல், பொய் ஆவணம் உட்பட 29 குற்றங்களில் குற்றவாளியாகக் கண்டு 18 வருடச் சிறை விதித்தது. ஒரு கோடியே 30 இலட்சம் டொலருக்கு மேல் திருப்பிக் கொடுக்கும்படியும் கட்டளை. பெற்ற அன்பளிப்புகளைப் பதிவில் காட்டாத குற்றத்துக்காக மாநில ஆளுநர் பொப் டாஃப்ட்டும் 2005இல் நீதிமன்றில் நின்று தண்டப்பணம் கட்டினார். பதவியில் இருக்கையில் குற்றத்தீர்ப்புப் பெற்ற முதலாவது ஒஹாயோ ஆளுநர் அவர்தான். நோ 2020இல், கொரோனாக் காலத்தில், தண்டனை குறைக்கப்பட்டு வெளியே வந்தார்.

ஆகவே, பதிவு சுத்தமாக இருந்தால் ஆளும் சுத்தம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. இது ஒரு பக்கம்.

மறுபக்கம் கலிபோர்னியாவில் இருக்கிறது. ஹன்னஸ் டல்விங் என்பவரின் பழங்காசு முதலீட்டு நிறுவனத்தின் மீது 1990இல் அமெரிக்க அரசின் வர்த்தக ஆணைக்குழு வழக்குத் தொடுத்தது. கவனியுங்கள், அது சிறைக்குப் போகும் குற்ற வழக்கல்ல. வாடிக்கையாளரைத் தவறாக வழிநடத்தியதற்கான சிவில் வழக்கு. பிற்பாடு அவர் மறுபடியும் கடை விரித்தார். இம்முறை பொன், வெள்ளிக் காசுகள் மொத்த வியாபாரம். சந்தையில் அவர் விலைதான் குறைவு. சொன்னபடி பொருளும் வந்தது, பல வருடங்கள் வந்தது. பழைய கதையைத் தெரிந்தவர்கள்கூட "அது முந்தின காலம், ஆள் திருந்திவிட்டார்" என்று பணத்தை முன்கூட்டியே வங்கி மூலம் அனுப்பினார்கள். 2013இன் கடைசியில் பொருள் வருவது பிந்தியது. வாரம் மாதமாயிற்று. 2014 மார்ச்சில் கம்பனி வங்குரோத்து. முன்னூறுக்கு மேற்பட்டோர் பணம் கொடுத்துவிட்டுப் பொருளின்றி நின்றார்கள். நட்டம் ஒரு கோடியே 50 இலட்சம் டொலருக்கு மேல். டல்விங் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 2016இல் 30 மாதச் சிறை.

இந்தக் கதையில் என்னை நிறுத்திவைப்பது, இடையிலே கழிந்த அந்த நல்ல வருடங்கள்தான். அந்தக் காலத்தில் அவரிடம் வாங்கிப் பயனடைந்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். அவர்கள் முட்டாள்கள் அல்லர். ஆனால் கடைசியில் மாட்டிக்கொண்டவர்களுக்கும் அவர்களுக்கும் இருந்த வித்தியாசம் புத்தியல்ல, திகதி. பணத்தை முதலில் கொடுத்துவிட்டுப் பொருளுக்குக் காத்திருக்கும் எவரும் அந்தத் திகதிக்கு ஆளாகலாம்.

இனி ஒரு பழைய கதை. இதில் எகிப்து மன்னர் பாரூக்கும் வருகிறார். 1933இல் அமெரிக்க சனாதிபதி ரூஸ்வெல்ட், மக்களிடமிருந்த தங்கத்தை அரசிடம் ஒப்படைக்கச் சொல்லிக் கட்டளையிட்டார். அந்த வருடம் பிலடெல்பியா நகரத்து அச்சுச்சாலையில் 445,500 இருபது டொலர்க் காசுகள் அடித்திருந்தார்கள். அவற்றை வெளியே விடாமல் உருக்கிவிட்டார்கள். நூதனசாலைக்கு என்று இரண்டு மட்டும் எடுத்துவைக்கப்பட்டன. ஆனால் சில காசுகள் பின்வாசலால் வெளியேறிவிட்டன. அவை அந்நகரத்து நகை வியாபாரி இஸ்ரேல் சுவிட் என்பவரின் கைவழியாகச் சந்தைக்கு வந்தன என்பது விசாரணையில் தெரிந்தது. இந்த சுவிட் 1934இலேயே தங்கச் சட்டத்துக்கு மாறாகக் காசுகளை வைத்திருந்து பிடிபட்டு, அவற்றைப் பறிகொடுத்தவர். நகரத்துக் காசு வியாபாரிகளுக்கு இது தெரியாத சங்கதியாக இருந்திருக்காது. தெரிந்தும் அவரிடம் வாங்கினார்கள். அபூர்வமான சரக்கு அவரிடம்தானே இருந்தது!

1944இல் அரசு விழித்துக்கொண்டது. சுவிட் தாம் ஒன்பது காசுகள் விற்றதாக ஒப்புக்கொண்டார். வழக்குத் தொடுக்கும் காலம் கடந்துவிட்டதால் அவர் தப்பினார். வாங்கியவர்கள் தப்பவில்லை. நல்ல விலை கொடுத்து, நல்ல நம்பிக்கையில் வாங்கிய கனவான்களின் காசுகளை அரசு ஒவ்வொன்றாகப் பிடுங்கி உருக்கியது. ஒரு சதம் நட்டஈடும் இல்லை. தப்பிய ஒன்று பாரூக் மன்னருடையது. அதே 1944இல், விசாரணை தொடங்கும் முன்னர், அதிகாரிகள் கவனியாமல் அதற்கு ஏற்றுமதி அனுமதி கொடுத்துவிட்டார்கள். 1952இல் மன்னர் முடியிழந்த பின் அவருடைய சேகரிப்பு கெய்ரோவில் ஏலத்துக்கு வந்தது. அமெரிக்கா கேட்டுக்கொண்டதால் அந்தக் காசு ஏலத்திலிருந்து எடுக்கப்பட்டு, பிறகு மாயமாயிற்று. 1996இல் நியூயோர்க் ஹோட்டல் ஒன்றில் ஆங்கிலேயக் காசு வியாபாரி ஒருவரிடமிருந்து அது பிடிபட்டது. நீண்ட வழக்குக்குப் பின் சமரசம் ஏற்பட்டு, 2002இல் அரசும் அவரும் பங்கிட்டுக்கொள்ளும் விதத்தில் 75 இலட்சம் டொலருக்கு மேல் ஏலம் போயிற்று. 2021இல் மறுபடி விற்கப்பட்டபோது ஏறத்தாழ ஒரு கோடியே 89 இலட்சம் டொலர்.

கதை அத்தோடு முடியவில்லை. 2003இல் சுவிட்டின் மகள், வங்கிப் பெட்டகத்தில் தகப்பன் விட்டுப்போன அதே ரகக் காசுகள் பத்தைக் கண்டெடுத்தார். அசல்தானா என்று பார்க்க அரசின் அச்சுச்சாலையிடம் கொடுத்தார். அசல்தான் என்று சொன்னார்கள், திருப்பிக் கொடுக்கவில்லை. 2011இல் யூரிமார் அரசின் பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள். 2016இல் மேன்முறையீட்டு நீதிமன்றும் அதையே சொன்னது. 2017இல் உச்ச நீதிமன்று வழக்கை எடுக்க மறுத்தது. தகப்பனின் 1934ஆம் ஆண்டுச் சங்கதியும் அந்த வழக்கில் பேசப்பட்டது. எழுபத்தைந்து வருடத்துக்கு முந்திய ஒரு மனிதனின் நடத்தை, அவன் பிள்ளையின் கையிலிருந்த காசைப் பறித்த கதை இது. குற்றமுள்ள கையிலிருந்து வாங்கும் பொருளில் அந்தக் கையின் அழுக்கும் கூடவே வருகிறது.

சகோதரி, உங்கள் காசுகளுக்கு இந்தப் பயம் வேண்டாம். 1974 டிசம்பர் 31உடன் தங்கத் தடை நீங்கிவிட்டது. 1933க்கு முந்திய காசுகள் சட்டப்படி கைமாறக்கூடியவை. கணவர் வாங்கியபோது பெற்ற பற்றுச்சீட்டுகள் இருந்தால் மட்டும் தேடி எடுத்து வையுங்கள். உங்கள் ஊர்க் கடைக்காரரிடம் எதையாவது *வாங்கப்* போவதாக இருந்தால் நான் சொல்வது வேறாக இருக்கும். நீங்கள் விற்கத்தான் போகிறீர்கள். உங்கள் ஆபத்து வேறு: விலையில் ஏமாறுவது ஒன்று, காசையே கொடுத்துவிட்டுப் பணம் வராமல் போவது மற்றது.

இந்த விடயத்தில் ஒரு மாநிலம் சட்டமே செய்து பார்த்தது. மினசோட்டா மாநிலத்தில் காசு வியாபாரிகளின் மோசடிகள் பத்திரிகைகளில் வெளிவந்து பரபரப்பான பின், 2013இல் அம்மாநிலச் சட்டசபை ஒரு சட்டம் இயற்றியது. பொன், வெள்ளிக் காசு விற்பவர்கள் அரசிடம் பதிய வேண்டும். பிணைப்பணம் கட்ட வேண்டும். அவர்களுடைய பின்னணி ஆராயப்படும். கடந்த பத்து வருடத்துக்குள் பண மோசடிக் குற்றத்தில் தீர்ப்புப் பெற்றவருக்கு அனுமதி இல்லை. ஒரு வியாபாரி இந்தச் சட்டத்தை எதிர்த்து வழக்காடினார். மாநிலத்துக்கு வெளியே நடக்கும் வியாபாரத்தையும் அது கட்டுப்படுத்துகிறது என்ற காரணத்தால், அந்தளவில் அது அரசியலமைப்புக்கு மாறானது என்று 2022இல் கூட்டாட்சி மேன்முறையீட்டு நீதிமன்று சொன்னது. சட்டத்தின் தலைவிதி எப்படியிருந்தாலும், அந்தப் 'பத்து வருடம்' என்ற எண்ணம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஒருவன் செய்த தப்பை ஆயுள் முழுக்க நெற்றியில் ஒட்டிவைக்கவும் வேண்டாம், சிறைக் கதவு திறந்த மறுநாளே பிறர் பணத்தை அவன் கையில் கொடுக்கவும் வேண்டாம் என்ற நியாயம் அதில் இருக்கிறது. டல்விங்கின் கதை பத்து வருடமும் போதாது என்கிறதே என்றால், உண்மைதான். எந்தச் சட்டமும் மனிதனின் நெஞ்சைத் திறந்து பார்ப்பதில்லை.

இனி உங்கள் கடைக்காரர்.

முதலில், 'சொல்கிறார்கள்' என்பதை வைத்துக்கொண்டு ஒரு மனிதனைப் பற்றி முடிவெடுக்க வேண்டாம். அக்கம்பக்கத்துப் பேச்சு புறம் பேசுவதாகவும் இருக்கலாம், வேறொருவரின் கதை இவர் தலையில் விழுந்ததாகவும் இருக்கலாம். நீதிமன்றத் தீர்ப்பு அப்படியல்ல. அது எவரும் பார்க்கக்கூடிய பொது ஆவணம். அமெரிக்காவில் கூட்டாட்சி நீதிமன்றங்களின் பதிவுகளைக் கணினியிலேயே பார்க்கலாம். பக்கத்துக்கு 10 சதம். மூன்று மாதத்தில் 30 டொலருக்குள் முடித்தால் அதுவும் அறவிடுவதில்லை. மாநில வழக்காக இருந்தால் உள்ளூர் நீதிமன்றப் பதிவாளரிடம் கேட்கலாம். உங்கள் மகள் ஒரு பின்னேரத்தில் தேடி எடுத்துவிடுவாள்.

பதிவு இருந்தால், எதற்காக என்று பாருங்கள். இளம் வயதில் போதைப்பொருளோடு பிடிபட்டதும், குடிவெறியில் கார் ஓட்டியதும் ஒருவனின் வாழ்க்கையைக் கெடுத்திருக்கலாம். உங்கள் பவுணுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் பிறர் நம்பிக் கொடுத்த பணத்தையோ பொருளையோ கையாடியதற்கான தீர்ப்பு என்றால் அது வேறு. அதே தொழிலில், அதே விதமாகச் செய்தது என்றால் இன்னும் வேறு.

கடைக்காரர் மரியாதையானவர் என்று கடிதத்தில் மூன்று இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். அதை நான் கணக்கில் எடுக்கவில்லை. மரியாதை தெரியாதவன் இந்தத் தொழிலில் ஒரு மாதம் நிலைக்க மாட்டான்.

உங்கள் மனச்சாட்சி கேட்ட கேள்விக்கு வருகிறேன். அவர் பிழைக்க வேண்டும் என்று நீங்கள் நினைப்பது நல்ல மனம். ஆனால் ஒருவருக்கு வியாபாரம் கொடுப்பது வேறு, கடன் கொடுப்பது வேறு. இந்த இரண்டையும் நாம் அடிக்கடி குழப்பிக்கொள்கிறோம். மேசையின் மேல் காசை வைத்து, விலை பேசி, பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு வெளியே வந்தால் அது வியாபாரம். அங்கே அவர் முன்னாள் கைதியா, பள்ளி நிர்வாகியா என்பது அதிகம் முக்கியமல்ல. ஆனால் "காசுகளை வைத்துவிட்டுப் போங்கள், நல்ல வாடிக்கையாளர் வந்ததும் விற்றுத் தருகிறேன்" என்பது வியாபாரமல்ல. பதினொரு காசுகளை நீங்கள் அவருக்குக் கடனாகக் கொடுக்கிறீர்கள். "ஏலத்துக்கு நானே அனுப்பிவிடுகிறேன்", "என் இரும்புப் பெட்டியில் பத்திரமாக இருக்கட்டும்", "பாதிப் பணம் இன்று, மீதி அடுத்த மாதம்" என்பவையும் அப்படித்தான். ஒஹாயோவில் நடந்தது கடன். கலிபோர்னியாவில் நடந்ததும் கடன். பெயர்கள்தான் வேறாக இருந்தன. ஒரு விதவையின் கடைசிச் சேமிப்பைக் கடனாகக் கொடுக்க, மோசடிக்காகத் தீர்ப்புப் பெற்ற மனிதர் தகுந்தவரல்ல என்பது என் அபிப்பிராயம். அப்படி மறுப்பதில் பாவம் எதுவும் இருப்பதாக எனக்குப் படவில்லை. எழுதிக்கொள், சாட்சி வை என்பது நமக்குப் பிறர் சொல்லித்தர வேண்டிய பாடமல்லவே.

எனவே, அவரிடம் போகலாம். ஆனால் முதலில் அவரிடம் போக வேண்டாம். கடைசியாகப் போங்கள்.

அதற்கு முன் ஒவ்வொரு காசையும் இரண்டு பக்கமும் படம் எடுத்து, எடை பார்த்து எழுதி வையுங்கள். கிராமின் நூறில் ஒரு பங்கு காட்டும் சிறு தராசு அங்கே மலிவாகக் கிடைக்கும். பவுண் 7.98 கிராமுக்குக் குறிப்பிடத்தக்க அளவு கூடிக் குறைந்திருந்தால் சந்தேகப்படலாம். எடை சரியாக இருந்தாலும் அசல்தான் என்று முடிவு கட்ட வேண்டாம்: கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் லெபனானில் பவுண் காசைப்போலவே ஏராளம் அடித்தார்கள். அவற்றுள் பலவற்றில் தங்கம் சரியாகவே இருக்கிறது, அச்சுத்தான் போலி. அப்படியொன்று உங்கள் எட்டில் இருந்தால் தங்க விலை கிடைக்கும், அதற்குமேல் கிடைக்காது. அதற்காக உம்மாவைக் குறை நினைக்க வேண்டாம். வாங்கிக் கொடுத்தவருக்கே தெரிந்திருக்காது.

அமெரிக்க நாணயவியல் சங்கம் 1891இலிருந்து இருக்கிறது. காசுச் சந்தைகள் பல நகரங்களில் வருடாவருடம் கூடுகின்றன. ஒரே மண்டபத்தில் நூறு வியாபாரிகள் மேசை போட்டிருப்பார்கள். காலையில் போனால் மத்தியானத்துக்குள் நாலு பேரிடம் விலை கேட்டுவிடலாம். 'நீங்கள் எவ்வளவு கொடுப்பீர்கள்?' என்று மட்டும் கேளுங்கள். 'இவ்வளவு வேண்டும்' என்று நீங்கள் தொடங்க வேண்டாம். தொழில்முறைக் காசு வியாபாரிகள் சங்கம் என்று இன்னொன்றும் உண்டு. தகராறு வந்தால் நடுவர் தீர்ப்புக்குக் கட்டுப்பட அதன் அங்கத்தவர்கள் உடன்பட்டிருக்கிறார்கள். அங்கத்தவர்தானா என்பதைச் சங்கத்திடமே கேட்டு உறுதிசெய்யுங்கள். சுவரில் தொங்கும் சான்றிதழைப் பார்த்து நம்ப வேண்டாம்.

அந்த மூன்று இருபது டொலர்க் காசுகளில் ஏதேனும் ஒன்று அபூர்வ வருடம் என்று இரண்டு பேர் சொன்னால், அதைத் தரம் பார்க்கும் நிறுவனத்துக்கு அனுப்புவது நல்லது. 1986இல் தொடங்கிய பி.சி.ஜி.எஸ்., 1987இல் தொடங்கிய என்.ஜி.சி. என்று இரண்டு இருக்கின்றன. அவர்கள் புள்ளி போட்டுப் பிளாஸ்டிக் உறையில் அடைத்துத் தருவார்கள். கட்டணம் உண்டு. சாதாரணப் பவுண் காசுக்கு இந்தச் செலவு வீண். அந்த உறையையே போலியாகச் செய்யும் ஆட்களும் உண்டு என்பதால், பிறரிடமிருந்து உறையோடு வாங்குபவர்கள் உறையிலுள்ள இலக்கத்தை நிறுவனத்தின் பதிவோடு ஒத்துப்பார்க்க வேண்டும்.

இவ்வளவும் செய்து, நாலு விலையும் எழுதிய கடதாசியோடு உங்கள் ஊர்க் கடைக்குப் போங்கள். மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவர் சொல்லும் விலை மற்றவர்களுடையதோடு ஒத்தோ கூடியோ இருந்தால் தாராளமாக அவருக்கே விற்கலாம். தூரம் போகும் செலவும் மிச்சம். அவர் பிழைப்புக்கும் அதுவே உதவி. காசு எத்தனை, எந்த வருடம், எவ்வளவு என்று எழுதிப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். காசோலை தருவதாகச் சொன்னால், பகல் நேரத்தில் அவருடைய வங்கிக்கே இருவருமாகப் போய்ப் பணம் உங்கள் கணக்கில் சேர்ந்த பின் காசுகளைக் கையளியுங்கள். இதற்கு முகம் சுளித்தால் எழும்பி வந்துவிடுங்கள். பதிவுள்ளவரானாலும் இல்லாதவரானாலும் இதே முறைதான்.

பழைய விடயத்தை அவரிடமே கேட்கலாமா என்றும் ஒரு மூலையில் எழுதியிருக்கிறீர்கள். கையோடு கை முடியும் வியாபாரத்துக்கு அது தேவையில்லை. அவரும் வெட்கப்பட்டு, நீங்களும் வெட்கப்பட்டு, என்ன பிரயோசனம்? உங்கள் பக்கத்து வீட்டுப் பெண்மணி தன் ஓய்வூதியப் பணத்தை அவரிடம் முதலிடப்போவதாகச் சொன்னால் மட்டும், தீர்ப்பு எங்கே இருக்கிறது என்பதைக் காட்டிக்கொடுங்கள். அதற்குமேல் ஒரு சொல்லும் சேர்க்க வேண்டாம்.

இன்னும் ஒன்று, இது நம் பெண்கள் எல்லாருக்கும். விற்கப் போகிறோம் என்றதும் காசுகளைப் புளி போட்டுத் தேய்த்தோ, பல் பசையால் மினுக்கியோ எடுத்துப் போகாதீர்கள். நகைக்குச் செய்வது காசுக்கு ஆகாது. தேய்த்த காசைக் காசுக்காரர் முதல் பார்வையிலேயே கண்டுபிடித்துவிடுவார். சேகரிப்பவர் கொடுக்கும் விலை அந்த நிமிடத்திலேயே தங்க விலைக்கு இறங்கிவிடும். கறுத்திருந்தால் கறுத்தபடியே, மெல்லிய கடதாசியில் ஒவ்வொன்றாகச் சுற்றி, ஒன்றோடொன்று உராயாமல் கொண்டு போங்கள்.